தரை யார் பெயரில்?

தியாகராய நகரில் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். சர்வேயராக உத்தியோகம் பார்த்தவனுக்கு வரும் வியாதி அது. உஸ்மான் ரோட்டில் நகைக்கடை வாசலில் நின்றாலும் சரி, பாண்டி பஜார் நடைபாதையில் உட்கார்ந்தாலும் சரி, இந்த இடம் ஏரிக்குள் வருமா, கரையில் வருமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே பெரும்பகுதி தண்ணீர். மாம்பலம் ஏரி, மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர் சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் மொத்தத்தையும் சேர்த்து லாங் டேங்க் என்று எழுதி வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றைக்கும் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் ரோட்டைக் கேட்டால் கொண்டுபோய் விடுவார், லேக்கைக் கேட்டால் சிரிப்பார்.

1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் பிதுங்கிக்கொண்டிருந்த காலம். மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி, மாநகராட்சியிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஊருக்கு மேற்கே சர்க்காருக்குச் சொந்தமான ஏரி அகலமாக, ஆழமில்லாமல் கிடக்கிறது. செங்கல்பட்டுக்குப் போகிற ரயில்பாதை அதன் ஓரமாகவே ஓடுகிறது. வேறு என்ன வேண்டும்? 1923க்கும் 1925க்கும் இடையில் ஏரியில் மண் விழுந்து மேடானது. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து விரியும் சாலைகள், சாலைக்கு இரண்டு பக்கமும் மனைகள். பூங்காவுக்கு மாகாணப் பிரதமர் பனகல் ராஜாவின் பெயர், ஊருக்கு மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியாரின் பெயர். டாக்டர் நாயர், நடேசன், உஸ்மான், ஜி.என். செட்டி என்று கட்சிக்காரர்கள் தெருவுக்கு ஒருவராக நின்றார்கள். பர்கிட், போக், மலோனி என்று அதிகாரிகளுக்கும் பங்கு கிடைத்தது.

அரசியல்வாதிகள் தெருப்பெயராவதில் அதிசயம் இல்லை. எனக்கு முக்கியம் மனை. கிரவுண்டு கணக்கில் மனை பிரித்தார்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி, சென்னைக்காரனுக்குப் பிறக்கும்போதே தெரிகிற கணக்கு. வாங்கியவர்கள் வக்கீல்கள், தாசில் உத்தியோகஸ்தர்கள், வாத்தியார்கள், வியாபாரிகள். அவர்கள் கைக்கு வீடு வரவில்லை, தரை வந்தது. வீட்டை அவரவர் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். ஓடு போட்டார்கள், பிறகு மாடி எடுத்தார்கள், பேரன் காலத்தில் இடித்து ஃபிளாட் கட்டினார்கள். எதைக் கட்டினாலும் இடித்தாலும் தரை அவர்கள் பெயரில் நின்றது. சர்க்கார் ஏரி தனியார் மனையானதற்கு யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. திட்டம் என்று சொன்னார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நகரம் வளர்ந்தால் யாராவது எங்கேயாவது இடம் கண்டுபிடித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கையில் இருக்கிற பொது நிலத்தைத்தான் அரசாங்கம் எடுக்கவும் முடியும். அந்த நிலத்தில் ஒருவருக்குத் தரை கொடுத்தார்களா, மாடியில் ஓர் அறை கொடுத்தார்களா என்பதில்தான் அடுத்த மூன்று தலைமுறையின் கதை இருக்கிறது.

நில அளவைப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இல்லாத நிலங்களுக்கெல்லாம் புறம்போக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். உள்ளே போனால் அதில் ஆயிரம் ஜாதி. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு, கடற்கரை. மாநகராட்சிக்குக் கொடுத்தது தனி, பொதுப்பணித் துறை வசம் இருப்பது தனி, துறைமுகமும் ரயில்வேயும் வைத்திருப்பது தனி. சென்னைக்குக் கூலிக்கு வந்தவர்கள், மில்லுக்கும் ஹார்பருக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள், மனை வாங்க வழியில்லாமல் இந்தப் புறம்போக்குகளில்தான் குடிசை போட்டார்கள். கூவம் கரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, தண்டவாள ஓரம். மீனவர்கள் கதை வேறு. அவர்கள் நகரம் வருவதற்கு முன்பிருந்தே கடற்கரையில் இருந்தவர்கள். பதிவேடு எழுதியபோது அவர்கள் குப்பமும் சர்க்கார் புறம்போக்காகிவிட்டது.

சுதந்திரத்தை ஒட்டி சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், அதாவது நகர மேம்பாட்டு அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு வந்தது. சி.ஐ.டி. நகர் அதன் ஞாபகமாக நிற்கிறது. அதன் வேலையை 1961இல் வீட்டு வசதி வாரியம் எடுத்துக்கொண்டது. 1956இல் மத்திய அரசு குடிசைப் பகுதிகளுக்காக ஒரு சட்டம் போட்டது. அந்த இருபது வருஷத்தில் நடுத்தர வர்க்கத்துக்கு எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வீடுகள் எழுந்தன. குடிசைகளோ பெருகிக்கொண்டே போயின, கோடையில் எரிந்துகொண்டும் இருந்தன. ஒரு குடிசையில் பொறி பட்டால் கால்வாய்க் கரை முழுக்கச் சாம்பல். மறுநாள் அரிசியும் வேட்டி சேலையும் கொடுக்கத் தலைவர்கள் வருவார்கள், அடுத்த வாரம் அதே இடத்தில் புது ஓலை ஏறும்.

1970 செப்டம்பரில் கலைஞர் அரசு குடிசை மாற்று வாரியத்தை ஆரம்பித்தது. சட்டம் அடுத்த வருஷம் வந்தது. முதல் தலைவர் இராம. அரங்கண்ணல், கதை எழுதுகிறவர், சினிமாக்காரர், சட்டமன்ற உறுப்பினர். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று அண்ணாவின் வாசகத்தை வாரியத்துக்கு இலட்சியமாக எழுதிப்போட்டார்கள். ஏழே வருஷத்தில் சென்னையில் குடிசையே இருக்காது என்று சொன்னார்கள். 1971இல் கணக்கெடுத்தபோது 1,202 குடிசைப் பகுதிகள், ஏழு லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். அப்போது மாநகர எல்லைக்குள் மொத்தமே இருபத்தைந்து லட்சத்துக்குப் பக்கம்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகரம் ஓலைக்கு அடியில் இருந்தது.

ஏழு வருஷ வாக்கு நிறைவேறவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல பிடிவாதம் இருந்தது. எங்கே குடிசையோ அங்கேயே மாடி. ஊருக்கு வெளியே ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவது கடைசி வழி. இதில் கருணை எவ்வளவு, ஓட்டுக் கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் ஆளில்லை. குப்பத்து ஜனங்கள் உதயசூரியனுக்கும் பிறகு இரட்டை இலைக்கும் விழுந்து விழுந்து ஓட்டுப் போட்டவர்கள். அவர்களை வார்டை விட்டே கிளப்பினால் யாருக்கு நஷ்டம் என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியும். காரணம் எதுவானாலும், கூலிக்குப் போகிற இடம், பிள்ளைகள் படிக்கிற கார்ப்பரேஷன் ஸ்கூல், சம்பளம் வரும்வரை கடன் சொல்ல ஒரு மளிகைக் கடை, எல்லாம் நடந்துபோகிற தூரத்திலேயே இருந்தன.

அந்தக் கால ‘போர்டு வீடு’ எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். தரையும் மூன்று மாடியும். நடுவில் படிக்கட்டு, அதற்குச் சுவராகச் சிமென்ட் ஜாலி. படியேறினால் இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். ஒரு ஹால், அதன் மூலையில் சமையல் மேடை, பின்னால் துண்டுப் பால்கனி, குளிக்க ஒரு மறைவு, கக்கூஸ். எல்லாம் சேர்த்து இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடி. ஒரு கிரவுண்டில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழே அடிபம்பில். மூன்றாவது மாடிக்காரி இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று குடத்தோடு ஏறுவாள். படிக்கட்டுத் திருப்பம் அவ்வளவு குறுகல், சாவு விழுந்தால் ஐஸ் பெட்டியை மேலே ஏற்ற முடியாது. கீழே இரண்டு பிளாக்குக்கு நடுவில் ஷாமியானா போட்டு அங்கேதான் கிடத்துவார்கள். கல்யாணமும் அதே இடம், காது குத்தும் அதே இடம், கேரம் போர்டும் நற்பணி மன்றத்து டியூப் லைட்டும் அதே இடம். வீட்டுக்குள் இல்லாத இடமெல்லாம் பிளாக்குகளுக்கு நடுவில் இருந்தது. பொறியாளர்கள் வரைபடத்தில் அதற்குத் திறந்தவெளி என்று பெயர்.

தரை யாருடையது என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இழுபறிதான். வாரியத்துக்கென்று சொந்த நிலம் அதிகம் கிடையாது. மாநகராட்சி நிலத்திலும், பொதுப்பணித் துறைக் கால்வாய்க் கரையிலும், வருவாய்த் துறைப் புறம்போக்கிலும் கட்டினார்கள். அவசரம். ஜனங்கள் தற்காலிகக் கொட்டகையில் காத்திருக்கிறார்கள். இந்த மாதிரி சமயங்களில் எங்கள் பாஷையில் முன்நுழைவு அனுமதி என்று ஒன்று உண்டு. நிலம் இன்னும் உன்னுடையது ஆகவில்லை, ஆனாலும் உள்ளே போய் வேலையைத் தொடங்கு என்கிற அனுமதி. அதை வைத்து அஸ்திவாரம் தோண்டலாம், நான்கு மாடி எழுப்பலாம், அமைச்சர் வந்து சாவி கொடுக்கலாம். முறையான நில மாற்றம் பிறகு நடக்கும். அந்தப் ‘பிறகு’ பல இடங்களில் நாற்பது வருஷம் நீண்டது.

முதலில் மாத வாடகை வசூலித்தார்கள். பிறகு தவணை முறையில் வீட்டையே சொந்தமாக்குகிறோம் என்றார்கள். தவணை கட்டி முடித்தவர் கிரயப் பத்திரம் கேட்டு வந்து நின்றால், தரையே இன்னும் வாரியத்தின் பெயருக்கு மாறவில்லை என்பது தெரியவரும். தன் பெயரில் இல்லாத நிலத்தை வாரியம் எப்படி எழுதிக் கொடுக்கும்? அட்டை இருக்கும், ரசீதுக் கட்டு இருக்கும், கரண்ட் பில் இருக்கும், ரேஷன் கார்டில் அந்த விலாசம் இருக்கும். பத்திரம் மட்டும் இருக்காது.

வடசென்னையில் அப்படியொரு குடியிருப்பை அளக்கப் போயிருந்தேன். பழைய கல் ஒன்று கிடைத்தால்தான் எல்லையைப் பிடிக்க முடியும். செயின்மேன் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அம்மன் மேடை. மஞ்சள் பூசி, டைல்ஸ் பதித்து, முன்னால் சூலம். மேடையின் பக்கவாட்டில் டைல்ஸுக்குக் கீழே கருங்கல்லின் முனை அரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையிலும் குங்குமம். நான் குனிந்து நகத்தால் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு ஆயா கேட்டது:

“இன்னா சாரு, ஆத்தாளையும் காலி பண்ணப் போறீங்களா?”

“இல்லம்மா, இது சர்வே கல். எல்லை பார்க்கிறேன்.”

“எல்லையைக் காக்கத்தான நாங்களும் வெச்சோம். சரி, ஒங்க நோட்டுல எம்பேரு கீதா பாரு.”

பதிவேட்டில் அந்த மொத்த இடத்துக்கும் ஒரே புல எண், ஒரே வரி. உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒரு துறையின் பெயர். குடியிருப்பு எழுந்து முப்பது வருஷமாகியும் அதன் குறிப்புக் கட்டத்தில் வீடு என்ற வார்த்தைகூட ஏறவில்லை. அந்தக் காகிதத்தின்படி அங்கே பிளாக்கும் இல்லை, அம்மனும் இல்லை, ஆயாவும் இல்லை. அதை அப்படியே சொல்ல வாய் வராமல், “பெயரெல்லாம் இதில் வராதும்மா, வேறு ஆபீஸில் இருக்கும்” என்றேன். ஆயா விடவில்லை. “எந்த ஆபீசுன்னு எழுதிக் குடு” என்றது.

எழுபதுகளின் கடைசியில் வேறொரு காற்று அடித்தது. 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தது. மாடி கட்டுவது செலவு அதிகம், கொஞ்சம் பேருக்குத்தான் போய்ச் சேரும், அதனால் குடிசை இருக்கிற இடத்திலேயே தெருவும் குழாயும் கழிப்பறையும் போட்டு, மனையை அவர்களுக்கே தவணையில் கொடுத்துவிடுங்கள் என்பது வங்கியின் வாதம். கூடவே அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் புதிதாக மனைகள் பிரித்தார்கள். மிகச் சின்ன மனைகள், கழிப்பறையும் அஸ்திவாரமும் மட்டும் போட்டுக் கொடுத்ததும் உண்டு. மீதியை நீ கட்டிக்கொள்.

உலக வங்கி என்றாலே முகம் சுளிக்கிற தோழர்கள் எனக்கு உண்டு, சுளிக்கக் காரணமும் உண்டு. ஆனாலும் சர்வேயர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மனைப்பகுதிகளில் இன்றைக்கு நடந்து பாருங்கள். ஓலை போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்து, அது போய்த் தளம் போட்டு, மேலே ஒன்று எடுத்து, மகள் கல்யாணத்துக்கு முன்னால் இன்னொன்று எடுத்து, கீழ்ப்போர்ஷனை வாடகைக்கு விட்டு, வாசலில் இஸ்திரிக் கடை வைத்து... ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தி. நகர் வக்கீல் குடும்பத்துக்கு 1925இல் நடந்ததுதான் இங்கே ஒரு டெய்லருக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் சின்ன அளவில் நடந்தது. தரை கையில் இருந்தது. மாடியில் அறை வாங்கியவர் ஒரு செங்கல்கூடச் சேர்க்க முடியாது. குடும்பம் பெருத்தால் பால்கனியைத் தட்டி வைத்து அடைப்பார், அதைத்தான் செய்ய முடியும்.

அந்தக் காற்றும் நிலைக்கவில்லை. 1985இல் பதினேழு குடிசைப் பகுதிகளைச் சட்டப்படி அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சென்னையில் ஒரு பகுதியைக்கூடப் புதிதாக அறிவிக்கவில்லை. அறிவிக்காத பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, வெறும் ஆக்கிரமிப்புதான். அதே வருஷம் மெரினாவில் கட்டுமரங்களை அகற்றப்போய்த் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் பதினையாயிரத்துக்கும் மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்காக இன்னும் அதிகம். பாலத்துக்காக, ரயிலுக்காக, நதிக்கரை அழகுக்காக, வெள்ளத்துக்காக என்று நகரத்துக்குள்ளிருந்து லாரியில் ஏற்றிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து போனவர்களை, ஆற்றுக்குப் பயந்து எங்கே அனுப்பினார்கள் என்று பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. இதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கடந்துபோகிறேன்.

நொச்சிக்குப்பம் மட்டும் அசையவில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சுனாமியே வந்து அடித்த இடம். இனி கடலோரம் ஆபத்து என்று சொல்லப் பலமான காரணம் கிடைத்திருந்தது. மீனவர்கள் கேட்கவில்லை. படகு இங்கே, வலை இங்கே, நான் மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் படுத்து எழுந்து வர வேண்டுமா என்றார்கள். எழுபதுகளில் எழுந்த மாடிகளை இடித்து அங்கேயே திரும்பக் கட்டினார்கள். அதே இடம் என்ற பழைய வாக்கைச் சென்னையில் முழுசாக வசூலித்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

இதற்கிடையில் நகரத்துக்குள் இருந்த போர்டு வீடுகளுக்கு வயதாகிவிட்டது. கடல்காற்றில் உப்பு ஏறிக் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேல் வீட்டுக் கக்கூஸ் கசிவு கீழ் வீட்டு விட்டத்தில் இறங்கும். தளத்தில் காரை பெயர்ந்து விழும்போது குழந்தையை எந்த மூலையில் படுக்கவைப்பது என்று தாய்மார்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வாடகை சொற்பம், அதுவும் பாக்கி, பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? வீடு எங்களுடையது இல்லையே என்று குடியிருந்தவர்கள் விட்டார்கள், விற்றுவிட்டோமே என்று வாரியத்தார் விட்டார்கள்.

2021 டிசம்பர் 27ஆம் தேதி காலை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் ஒரு பிளாக் சரிந்தது. இருபத்து நான்கு வீடுகள். விரிசல் பெரிதாவதைப் பார்த்துச் சுதாரித்து எல்லாரையும் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கியவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பிளாக் மண்ணாவதைப் பார்த்தார்கள். குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள். விஷயம் தெரிந்தவர்களை உறுத்தியது வேறொன்று. அது எழுபதுகளின் கட்டடம்கூட இல்லை, 1993இல் கட்டியது. முப்பது வருஷம்கூட நிற்கவில்லை.

அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் புளியந்தோப்பு கே.பி. பார்க் பெயர் எல்லா டி.வி.யிலும் ஓடியது. கேசவப் பிள்ளை பார்க் என்பது முழுப்பெயர். பி அண்ட் சி மில் 1996இல் மூடும்வரை அதன் சங்குச் சத்தத்தில் எழுந்து படுத்த வட்டாரம். அங்கிருந்த பழைய மாடிகளை இடித்து, ஜனங்களைத் தகரக் கொட்டகையில் உட்காரவைத்து, தரையோடு சேர்த்துப் பத்து அடுக்காகப் புதுசாகக் கட்டினார்கள். குடிவந்ததும் சுவரைத் தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. சட்டசபையில் சத்தம், ஐ.ஐ.டி. ஆய்வு, பூச்சு சரியில்லை என்ற முடிவு, மறுபூச்சு. அந்த வருஷமே குடிசை மாற்று வாரியத்தின் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பழைய பெயரில் இருந்த இழிவு போய்விட்டது, நல்லதுதான். ஜனங்கள் இன்னும் போர்டு வீடு என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது சிதைந்த குடியிருப்புகளை வரிசையாக இடித்து அங்கேயே கட்டுகிறார்கள். சைதாப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, தி. நகருக்குள்ளேயே டாக்டர் தாமஸ் சாலை. காலி செய்ய நோட்டீஸ் வரும். வெளியே வாடகைக்குப் போக எட்டாயிரம் ரூபாயாக இருந்த கருணைத் தொகையை இருபத்து நான்காயிரமாக உயர்த்தினார்கள். சென்னையில் அது அட்வான்ஸுக்கே போதாது, அதிலும் கட்டி முடிக்க இரண்டு மூன்று வருஷம். புது வீடு நானூறு சதுர அடி. தனி படுக்கையறை, வீட்டுக்குள் குழாய், லிப்ட். பயனாளி பங்களிப்பு என்று ஒரு தொகையும் கேட்பார்கள்.

இடிக்கப் போகும்போதுதான் பழைய கோப்பெல்லாம் உயிர்பெறும். முதல் ஒதுக்கீடு பெற்றவர் செத்துப்போயிருப்பார். அவர் மகன் மகளுக்குள் சண்டை இருக்கும். அல்லது 1988இல் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வேறொருவருக்கு விற்றிருப்பார், அவர் இன்னொருவருக்கு. இப்போது குடியிருப்பவர் முப்பது வருஷமாக அங்கே இருப்பார், காகிதத்தில் இருக்க மாட்டார். பயோமெட்ரிக் எடுக்க வரிசை நிற்கிறபோது யார் கட்டைவிரல் செல்லும் என்பதில் அடிதடி நடக்கும். கிரயப் பத்திரமும் பட்டாவும் அன்றைக்கே கைக்கு வந்திருந்தால் இதில் முக்கால்வாசி வழக்கு கிடையாது.

ஒரு கணக்கு சொல்கிறேன், எந்தக் குறிப்பிட்ட குடியிருப்பையும் சுட்டாமல். நான்கு கிரவுண்டு நிலம், 9,600 சதுர அடி. அதில் மாடிக்கு எட்டாக நான்கு அடுக்கில் முப்பத்திரண்டு வீடுகள். தரையைப் பங்கு போட்டால் வீட்டுக்கு முந்நூறு சதுர அடி. அதே தரையில் பத்து அடுக்கில் எண்பது வீடுகள் எழுந்தால் பங்கு நூற்றிருபது. வீடு இருநூற்றைம்பதிலிருந்து நானூறாக வளர்கிறது, தரை முந்நூறிலிருந்து நூற்றிருபதாகக் குறைகிறது. தனியார் ஃபிளாட் வாங்குகிறவர் பில்டரிடம் முதலில் கேட்பது பிரிபடாத பாகம் எவ்வளவு என்றுதான். போர்டு வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தி. நகரில் கிரவுண்டு பல கோடிக்குப் போகிறது, அங்கே நூற்றிருபது சதுர அடியும் சின்ன சொத்தில்லை.

உயரமாகக் கட்டக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்துக்குள் காலி நிலம் கிடையாது, பெரும்பாக்கத்துக்கு அனுப்புவதைவிட ஒன்பதாவது மாடி ஆயிரம் மடங்கு மேல். கூடுதலாக வரும் வீடுகள் நகரத்துக்குள்ளேயே வேறு ஏழைக்குப் போனால் அதைவிடத் தர்மம் இல்லை. ஆனால் திறந்தவெளியும் சேர்ந்துதான் இந்த உயரத்துக்கு விலையாகப் போகிறது. லிப்ட் வேலை செய்கிறவரை குடம் தூக்க வேண்டாம். லிப்ட் நின்றால், பராமரிப்புச் சங்கத்துக்குச் சந்தா யார் கட்டவில்லை என்ற சண்டை ஆரம்பமாகும்.

தெரிந்த ஆட்டோ டிரைவர் ஒருவர் புது ஒதுக்கீட்டு ஆணையைக் கொண்டுவந்து காட்டினார். எட்டாவது மாடி கிடைத்ததில் மனைவிக்குப் பயம், மகளுக்குக் கொண்டாட்டம். “படிச்சுப் பாருங்க சார், எல்லாம் சரியா கீதா?” என்றார். பிளாக் எண், மாடி, கதவு எண், பரப்பளவு, செலுத்திய தொகை, விதிமுறைகள் பன்னிரண்டு. புல எண் இல்லை. தரையில் பங்கு எவ்வளவு என்பதும் இல்லை. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, நான் சொன்னதும்தான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புல எண்ணும் பிரிபடாத பாகமும் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று அலுவலகங்களுக்கு மூன்று நகல். அந்தத் தரை எந்த அலுவலகத்தின் பெயரில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, அதனால் மூன்றுக்கும் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்பச் சொன்னேன்.